நகரும் கேட்குநரும் டாப்ளர் விளைவும்

ஒலி மூலமும் கேட்குநரும் ஒருவரையொருவர் நெருங்கும்போதோ விலகும்போதோ, கேட்கப்படும் ஒலியின் அதிர்வெண் மாறித் தோன்றுவது டாப்ளர் விளைவு எனப்படும். பள்ளிப் பாடநூல்கள் இதற்கு ஒரே சமன்பாட்டைத் தந்து, கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றிப் போடச் சொல்கின்றன. அந்தச் சமன்பாட்டின் மேற்பகுதியில் கேட்குநரின் வேகமும் கீழ்ப்பகுதியில் மூலத்தின் வேகமும் இருக்கும். இருவரும் நெருங்குகிறார்கள் என்றால் யார் நகர்ந்தால் என்ன, ஒருவர் ஏன் மேலேயும் மற்றவர் கீழேயும் இருக்க வேண்டும் என்ற கேள்வி பெரும்பாலான மாணவர்களுக்கு எழுகிறது. குறிகளை மனப்பாடம் செய்யும் அவசரத்தில் அது அப்படியே விடப்படுகிறது.

அக்கேள்விக்கு வரலாற்றில் விடை உண்டு. 1842 முதல் 1938 வரை, நகர்வது மூலமா கேட்குநரா என்ற வேறுபாடு பல வடிவங்களில் அறிவியலாளர்களைத் தொல்லைப்படுத்தியிருக்கிறது. கேட்குநர் மட்டும் நகரும் கணக்குகளை அந்த வரலாற்றின் துணையோடு பார்த்தால், குறிகளை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இல்லை.

கப்பலும் அலையும்

கிறிஸ்டியன் டாப்ளர் 1803 நவம்பர் 29 அன்று ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில், கல்தச்சர் குடும்பத்தில் பிறந்தார். உடல் வலுவில்லாதவர் என்பதால் குலத்தொழிலுக்கு அனுப்பப்படவில்லை. படித்து ஆசிரியரானார், 1841இல் பிராகா நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். 1842 மே 25 அன்று அந்நகரின் அரச பொஹீமிய அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். இரட்டை விண்மீன்களின் நிறம் பற்றிய கட்டுரை அது. இன்று நாம் அவர் பெயரை ரயில் ஊதலோடு சேர்த்து நினைத்தாலும், அவர் விளக்க முயன்றது வானத்து நிறங்களை.

அக்கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உவமை கப்பல். அலைகளை எதிர்த்துச் செல்லும் கப்பல், நிற்கும் கப்பலைவிட ஒரே நேரத்தில் கூடுதல் அலைகளைச் சந்திக்கும். அலை போகும் திசையிலேயே செல்லும் கப்பல் குறைவான அலைகளைச் சந்திக்கும். கடலுக்குள் வள்ளத்தில் போனவர்களுக்கு இது புதிதல்ல. கரையிலிருந்து வெளியே போகும்போது அலைகள் அடுத்தடுத்து மோதும். திரும்பி வரும்போது ஒரே அலை நெடுநேரம் கூட வரும். இந்த உவமையில் அலையின் நீளம் மாறவில்லை, கடலில் அலைகள் இருந்தபடியே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். மாறுவது, கப்பல் அவற்றைச் சந்திக்கும் விரைவு மட்டுமே.

நகரும் கேட்குநருக்கான சமன்பாடு முழுவதும் இந்த எண்ணிக்கையில் அடங்கிவிடுகிறது. ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர், மூலத்தின் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ் என்க. நிற்பவரை ஒரு வினாடியில் 340 மீட்டர் நீளமுள்ள அலைத்தொடர் கடந்து செல்கிறது. அதில் 440 அலைகள் உள்ளன. ஒருவர் மூலத்தை நோக்கி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சென்றால், அவரைக் கடக்கும் தொடரின் நீளம் 360 மீட்டர். அலைகளின் நெருக்கம் மாறாததால், எண்ணிக்கை 440 × 360 ÷ 340 = 466 ஹெர்ட்ஸ். விலகிச் சென்றால் 440 × 320 ÷ 340 = 414 ஹெர்ட்ஸ்.

பொதுவாக எழுதினால்:

கேட்கும் அதிர்வெண் = மூலத்தின் அதிர்வெண் × (ஒலியின் வேகம் ± கேட்குநரின் வேகம்) ÷ ஒலியின் வேகம்

நெருங்கினால் கூட்டல், விலகினால் கழித்தல். கேட்குநர் மேலே இருப்பதற்குக் காரணம், அவர் அலைகளை மாற்றாமல், அவற்றை எண்ணும் விரைவை மட்டும் மாற்றுகிறார் என்பதே.

மூலம் நகர்ந்தால் கதை வேறு. அது தானே அனுப்பிய அலையைத் துரத்திக்கொண்டு அடுத்த அலையை வெளியிடுகிறது. அதனால் காற்றிலேயே அலைகள் நெருக்கமாகின்றன. ஒரு வினாடியில் வெளியான 440 அலைகள் 340 மீட்டருக்குப் பதில் 320 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன; நிற்பவர் கேட்பது 440 × 340 ÷ 320 = 467.5 ஹெர்ட்ஸ். நகரும் கேட்குநருக்குக் கிடைத்த 466 ஹெர்ட்ஸுக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை ஹெர்ட்ஸ்தான் வேறுபாடு.

வேகம் கூடினால் இந்த வேறுபாடு பெரிதாகும். ஒலியின் வேகத்தில் பாதியில் நெருங்கும் கேட்குநருக்கு அதிர்வெண் ஒன்றரை மடங்கு. அதே வேகத்தில் நெருங்கும் மூலத்துக்கு இரண்டு மடங்கு. ஒலியின் வேகத்திலேயே விலகிச் செல்லும் கேட்குநரை அலை எட்டவே எட்டாது, அவருக்கு முழு அமைதி. அதே வேகத்தில் விலகிச் செல்லும் மூலத்தின் ஒலியோ பாதி அதிர்வெண்ணில் கேட்டுக்கொண்டிருக்கும். எந்தக் குறி, எந்த இடம் என்று குழம்பும் மாணவர் இந்தக் கடைசி இரண்டு நிலைகளையும் நினைத்துப் பார்த்தால் போதும்.

உட்ரெக்ட் ரயில் பாதை, 1845

டாப்ளரின் கருத்தைக் கணிதவியலாளர் பெர்னார்டு போல்சானோ வரவேற்றார். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், முந்தைய ஆண்டுதான் முனைவர் பட்டம் பெற்றிருந்த 27 வயது இளைஞர் பைஸ் பாலட்டுக்கு அதில் ஐயம். விண்மீன்களின் நிறம் பற்றிய விளக்கத்தை அவர் நம்பவில்லை. ஒலியில் இதைச் சோதிக்கலாமே என்று எண்ணினார். மனிதர் ஓடினாலும் குதிரை ஓடினாலும் கிடைக்காத சீரான வேகத்தை அப்போது புதிதாக வந்திருந்த ரயில் தந்தது.

1845 பிப்ரவரியில் செய்த முதல் முயற்சி பனியிலும் குளிரிலும் கெட்டது. ஊதுகருவிகளின் சுருதி குளிரில் நிலையாக நிற்கவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில், உட்ரெக்டுக்கும் மார்செனுக்கும் இடைப்பட்ட பாதையில் மீண்டும் சோதனை நடந்தது. கொம்பு வகை ஊதுகருவி வாசிப்போர் சிலர் ரயிலில் ஏறினர். சிலர் பாதையோரம் நின்றனர். காது பழகிய இசைக்கலைஞர்கள் இரண்டு இடங்களிலும் கேட்டனர். அதிர்வெண்ணை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. பயிற்சி பெற்ற செவிதான் கருவி.

அவர் இரண்டு வகையாகவும் செய்தார் என்பதுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். ரயிலில் இருப்பவர் ஊத, தரையில் நிற்பவர் கேட்டார்: இது நகரும் மூலம். தரையில் நிற்பவர் ஊத, ரயிலில் செல்பவர் கேட்டார்: இது நகரும் கேட்குநர். இரண்டிலும் நெருங்கும்போது சுருதி ஏறியது, விலகும்போது இறங்கியது. டாப்ளரின் வாதம் ஒலிக்குப் பொருந்துகிறது என்று பைஸ் பாலட் ஒப்புக்கொண்டார். விண்மீன் நிறத்துக்குப் பொருந்தாது என்பதில் உறுதியாக இருந்தார். அதிலும் அவர் சொன்னதே சரி. நெருங்கும் விண்மீனின் ஒளி நீலத்தின் பக்கம் நகர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதி கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குள் வந்து இடத்தை நிரப்பிவிடும். மொத்த நிறம் அதிகம் மாறாது. ஐயத்தோடு சோதனையைத் தொடங்கியவர் அதற்குச் சான்றும் தந்து, தன் ஐயத்தில் சரியான பாதியையும் கைவிடாமல் இருந்தது அறிவியல் வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைக்காதது. பின்னாளில் இவர் நெதர்லாந்தின் வானிலை நிறுவனத்தை 1854இல் நிறுவினார். காற்றின் திசைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் பைஸ் பாலட் விதியும் இவருடையதே.

உட்ரெக்ட் சோதனையால் இரு சமன்பாடுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டிருக்க முடியுமா? எண்களை வைத்துப் பார்ப்போம். வினாடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சுருதி ஏறுவது ஏறத்தாழ ஆறு விழுக்காடு. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து ஒட்டிய அடுத்த கட்டைக்குப் போகும் அளவு. பழகிய காதுக்கு இது தப்பாது. ஆனால் 466க்கும் 467.5க்கும் உள்ள இடைவெளி அதில் பதினேழில் ஒரு பங்குதான். புகைவண்டியின் இரைச்சலில் அதைப் பிரித்தறிவது எளிதல்ல.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. கேட்குநர் மூலத்தைக் கடந்து செல்கிறார் என்க. முன்பு 466, பின்பு 414. இவற்றின் விகிதம் 360 ÷ 320, அதாவது 9 ÷ 8. நம் இசையில் சட்ஜமத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் சொல்லப்படும் விகிதம் இது. இப்போது மூலம் கடந்து செல்கிறது என்க. முன்பு 467.5, பின்பு 415.6. விகிதம் அதே 9 ÷ 8. எந்த வேகத்துக்கும் இது பொருந்தும். கடக்கும்போது சுருதி எவ்வளவு விழுகிறது என்பதை மட்டும் வைத்து, நகர்ந்தது யார் என்று சொல்லவே முடியாது. மூலத்தின் உண்மையான அதிர்வெண்ணும் தெரிந்தால்தான் சொல்லலாம். கேட்குநர் நகர்ந்திருந்தால் அது இரண்டு அதிர்வெண்களின் நேர் சராசரி. மூலம் நகர்ந்திருந்தால் அவற்றின் இசைச் சராசரி.

தேர்வுகளில் இது பயன்படும். கோயில் மணியைக் கடந்து செல்லும் பேருந்துப் பயணி, நெருங்கும்போது 525 ஹெர்ட்ஸும் விலகும்போது 495 ஹெர்ட்ஸும் கேட்டார் என்று கணக்கு வந்தால், மணியின் அதிர்வெண் 510 என்று உடனே எழுதிவிடலாம். வேகம், இரண்டின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்து ஒலியின் வேகத்தால் பெருக்கக் கிடைக்கும்: 30 ÷ 1020 × 340 = வினாடிக்கு 10 மீட்டர். பயணிக்குப் பதில் மணியே வண்டியில் போயிருந்தாலும் வேகத்துக்கு இதே விடைதான். அதிர்வெண் மட்டும் 510க்குச் சற்றுக் குறையும்.

1846இல் டாப்ளர், பைஸ் பாலட் எழுப்பிய ஐயங்களுக்கு விடையாக எழுதிய கட்டுரையில், மூலமும் கேட்குநரும் ஒரே நேரத்தில் நகரும் நிலையையும் சேர்த்தார். பாடநூலில் உள்ள முழுச் சமன்பாடு அங்கிருந்து வருகிறது.

காற்று வீசினால்

டாப்ளர் 1850இல் வியன்னா பல்கலைக்கழக இயற்பியல் நிறுவனத்தின் தலைவரானார். அங்கேதான் அவருக்குக் கடுமையான எதிர்ப்பு வந்தது. யோசெப் பெட்ஸ்வால் கணிதத்தில் பெரும் புலமை உடையவர். 1840இல் புகைப்படக் கருவிக்கு அவர் வடிவமைத்த வில்லை ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்தது. சில வரி இயற்கணிதத்தில் ஒரு பெரிய விதி கிடைத்துவிடாது, வகைக்கெழுச் சமன்பாடுகளிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். 1852இல் வியன்னா அறிவியல் கழகத்தில் அவர் ஒரு கொள்கையை முன்வைத்தார்: ஊடகம் சீராக ஓடிக்கொண்டிருந்தாலும் அலையின் அதிர்வுக் காலம் மாறாது. பலத்த காற்றில் இசைக்கச்சேரி நடந்தாலும் சுருதி பிசகுவதில்லை அல்லவா? எனவே டாப்ளர் விளைவு என ஒன்று இருக்க முடியாது என்றார்.

பெட்ஸ்வாலின் கொள்கை முற்றிலும் சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. காற்று வீசும்போது ஊடகம் நகர்கிறது. மூலமும் கேட்குநரும் நிற்கிறார்கள். இருவருக்கும் இடையே உள்ள தொலைவு மாறவில்லை. ஒரு வினாடியில் புறப்பட்ட 440 அலைகள், சற்று முன்னதாகவோ தாமதமாகவோ, ஒரு வினாடியில் 440 ஆகவே வந்து சேரும். டாப்ளர் பேசியது தொலைவு மாறிக்கொண்டிருக்கும் நிலையை. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். எட்டிங்ஸ்ஹவுசன் போன்றோர் டாப்ளருக்காக வாதாடினர்.

இந்தப் பழைய பூசல் இன்றும் விடைத்தாள்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. காற்று வீசுகிறது என்று கணக்கில் கண்டதும் அதன் வேகத்தைக் கேட்குநரின் வேகத்தோடு கூட்டிவிடும் மாணவர், பெட்ஸ்வால் குழப்பியதையே எதிர்ப்பக்கமிருந்து குழப்புகிறார். காற்று மாற்றுவது ஒலியின் வேகத்தை மட்டுமே. மூலத்திலிருந்து கேட்குநரை நோக்கி வினாடிக்கு 20 மீட்டர் காற்று வீசினால், தரையைப் பொறுத்து ஒலியின் வேகம் 360. இருவரும் நின்றால் மாற்றம் இல்லை. கேட்குநர் வினாடிக்கு 20 மீட்டரில் நெருங்கினால் 440 × 380 ÷ 360 = 464.4 ஹெர்ட்ஸ். காற்றில்லாதபோது கேட்ட 466ஐவிட இது சற்றுக் குறைவு. காற்று துணைக்கு வந்தும் சுருதி ஏன் குறைகிறது? காற்றில் அலைகள் விரிந்து நீண்டுவிட்டன. அதே வேகத்தில் செல்பவர் முன்னைவிடக் குறைவான கூடுதல் அலைகளையே சந்திக்கிறார்.

நுரையீரல் நோயால் வாடிய டாப்ளர் 1852 இறுதியில் இதமான காற்றை நாடி வெனிஸ் சென்றார். 1853 மார்ச் 17 அன்று அங்கேயே இறந்தார். வயது 49. பூசல் அப்போதும் தீரவில்லை.

1860இல் வியன்னாவில், 22 வயது எர்ன்ஸ்ட் மாக் அதை எளிய கருவியால் தீர்த்துவைத்தார். சுழலும் நீண்ட குழாயின் முனையில் ஒலிக்கும் நாக்கு ஒன்றைப் பொருத்திச் சுழற்றினார். சுழலும் தளத்தில் நின்று கேட்டால் சுருதி ஏறி இறங்கியது. சுழல் அச்சின் நேரே நின்று கேட்டால் மாறவே இல்லை. வேகம் இருந்தால் போதாது, மூலத்தையும் கேட்குநரையும் இணைக்கும் கோட்டின் வழியே உள்ள வேகமே கணக்கில் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான செயல்விளக்கம் கிடைப்பது அரிது. நகரும் கேட்குநருக்கும் இதே விதி. தண்டவாளத்திலிருந்து தள்ளி நிற்கும் மணியை ரயில் பயணி கடக்கும்போது சுருதி திடீரென விழாமல் வழுக்கி இறங்குவது இதனால்தான்.

கேட்குநர் முடுக்கத்தோடு நகரும் கணக்குகளைப் பற்றி ஒரு சொல். இவை பார்க்கக் கடினம், செய்ய எளிது. நிலையத்து மணி ஒலிக்க, ரயில் ஓய்விலிருந்து 0.5 மீ/வி² முடுக்கத்தில் புறப்படுகிறது. மணியின் சுருதி 95 விழுக்காடாகக் கேட்கும்போது ரயில் எவ்வளவு தொலைவில் இருக்கும்? ஐந்து விழுக்காடு குறைவு என்றால் வேகம் ஒலியின் வேகத்தில் ஐந்து விழுக்காடு, அதாவது 17 மீ/வி. தொலைவு 17 × 17 ÷ (2 × 0.5) = 289 மீட்டர். அலை காதை அடையும் அந்த நொடியில் கேட்குநரின் வேகம் என்ன என்பது மட்டுமே இங்கு தேவை. மூலம் முடுக்கம் அடைந்தால் இவ்வளவு எளிதில் முடியாது. இப்போது கேட்கும் ஒலி புறப்பட்டபோது மூலத்தின் வேகம் என்னவாக இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டியிருக்கும்.

பூமி என்னும் கேட்குநர்

நகரும் கேட்குநரின் மிகப் பழைய கணக்கு டாப்ளருக்கு 166 ஆண்டுகள் முந்தியது. அதில் ஒலியே இல்லை. வியாழனின் துணைக்கோளான அயோ ஏறத்தாழ 42.5 மணி நேரத்துக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலில் மறைகிறது. தொலைவில் ஒரு மணி சீராக அடிப்பது போன்றது இது. பூமி அந்த மணியை நோக்கிச் செல்லும் மாதங்களில் அடிகள் சற்று நெருக்கமாகவும், விலகிச் செல்லும் மாதங்களில் சற்று இடைவிட்டும் வரவேண்டும். 42.5 மணி என்பது 1,53,000 வினாடி. பூமியின் வேகம் வினாடிக்கு 30 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒன்று. ஆகவே ஒரு மறைவுக்கும் அடுத்த மறைவுக்கும் இடையே அதிகபட்சம் 15 வினாடி மாற்றம். அக்காலக் கடிகாரங்களுக்கு இது சிறிது. ஆனால் பல சுற்றுகளில் சேர்ந்து நிமிடக் கணக்காகும். பாரிசில் பணியாற்றிய ஓலே ரோமர் 1676இல், நவம்பர் 9 அன்று அயோ பத்து நிமிடம் தாமதித்து வெளிப்படும் என்று முன்கூட்டியே சொன்னது இந்தச் சேர்ந்த தாமதத்தை வைத்துத்தான். ஒளிக்கு வேகம் உண்டு என்பதற்கு அது முதல் சான்றாயிற்று.

டாப்ளர் தேடிய வானத்து நிறமாற்றம் கிடைக்கவில்லை என்றாலும், நிறமாலையின் கருங்கோடுகள் இடம் மாறுவதைத் தேடலாம் என்று 1848இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ எடுத்துச் சொன்னார். 1868இல் வில்லியம் ஹக்கின்ஸ் சிரியசு விண்மீனில் அத்தகைய இடமாற்றத்தை அளக்க முயன்றார். அளவைகள் துல்லியமானதும் பூமியே நகரும் கேட்குநர் என்பது தவிர்க்க முடியாததாயிற்று. ஆண்டு முழுவதும் ஏறி இறங்கும் பூமியின் வேகத்தைக் கழித்த பிறகுதான் விண்மீனின் சொந்த வேகம் தெரியும்.

ஒளிக்குக் காற்றைப் போன்ற ஊடகம் இல்லை. அப்படியானால் கேட்குநர் நகர்கிறாரா மூலம் நகர்கிறதா என்பதை எதைக்கொண்டு சொல்வது? 1905இல் ஐன்ஸ்டைன் தந்த சமன்பாட்டில் அந்த வேறுபாடே இல்லை. இருவருக்கும் இடையிலுள்ள சார்பு வேகம் மட்டுமே உண்டு. ஒளியின் வேகத்தில் பாதியில் நெருங்கினால், பழைய கணக்கு கேட்குநருக்கு 1.5 மடங்கும் மூலத்துக்கு 2 மடங்கும் தரும். ஐன்ஸ்டைனின் விடை 1.732, இவ்விரண்டின் பெருக்குச் சராசரி. எல்லா வேகங்களுக்கும் இப்படியே அமைகிறது.

இதைச் சோதிக்க, உட்ரெக்ட் பாதையில் காதால் பிரிக்க முடியாமல் போன அதே சிறு வேறுபாட்டை ஒளியில் அளக்க வேண்டியிருந்தது. 1938இல் அமெரிக்காவில் ஐவ்ஸ், ஸ்டில்வெல் இருவரும் விரைந்து செல்லும் ஹைட்ரஜன் அயனிகளின் ஒளியை முன்பக்கத்திலிருந்தும், ஓர் ஆடியின் உதவியால் பின்பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பதிவு செய்தனர். முன் வரும் அலைநீளம், பின் செல்லும் அலைநீளம் ஆகிய இரண்டின் சராசரியை எடுத்தனர். மூலம் நகர்கிறது என்ற பழைய சமன்பாட்டின்படி அந்தச் சராசரி இடம் பெயரவே கூடாது. கேட்குநர் நகர்கிறார் என்ற சமன்பாட்டின்படி ஒரு குறிப்பிட்ட அளவு பெயர வேண்டும். அவர்கள் கண்டது இரண்டுக்கும் நடுவே, அந்த அளவில் சரியாகப் பாதி.